அம்மாவுக்குப் பிணை நிற்க ஓர் ஆள்

யோகராசா: இல்லைத் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். உம்மட சம்பளத்துக்கு ஏன் இன்னொரு ஆள்?

ஜசிந்தன்: இவங்கட சட்டம் அப்பிடி அங்கிள். அம்மாவை இஞ்ச கூப்பிடுறதெண்டா, பத்து வருசத்துக்கு அவ அரசாங்கக் காசில கை வைக்க மாட்டா, வைச்சா நாங்கள் திருப்பிக் கட்டுவம் எண்டு பிணை நிக்கோணும்.

யோகராசா: அது தெரியும். நீரே நில்லுமன். ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன்ஸ் மனேஜரெல்லோ?

ஜசிந்தன்: ஓம்... மனேஜர்தான். ஆனா மனேஜர் ஆக்களுக்கு ஒரு... தனி ரூல்.

யோகராசா: என்ன ரூல்?

ஜசிந்தன்: சம்பளம் ஒரு அளவுக்கு மேல போனா... ஒரு ஆள் காணாதாம். ரெண்டு பேர் வேணுமாம்.

யோகராசா: கூடினா காணாதோ?

ஜசிந்தன்: கூடினா பொறுப்பும் கூடும்தானே அங்கிள்.

யோகராசா: ம்... அதுவும் நியாயம்தான்.

ஜசிந்தன்: என்ர மனுசி சஜிதாவும் பிள்ளை பிறந்த பிறகு வேலைக்குப் போகேல்லை. கடிதம் வந்து கிடக்கு. இன்னும் ஒன்பது நாள்தான். அதுக்குள்ள பிணைக்கு ஆள் காட்டாட்டி அம்மாவின்ர விசாவை மறுத்துப் போடுவாங்கள். எட்டு வருசம் லைன்ல நிண்டது அங்கிள். பிறகு திருப்பி முதல்ல இருந்து...

யோகராசா: சீச்சீ, அப்பிடி விடேலாது. நேசமலர்! தம்பிக்குத் தேத்தண்ணி எங்க?

நேசமலர்: கொண்டு வந்திட்டன். ஏன் கத்துறியள், பக்கத்திலதான் குசினி. எடும் தம்பி. சீனி போடேல்லை.

யோகராசா: கேக்காமல் உனக்கெப்பிடித் தெரியும் அவர் சீனி போடுறேல்லை எண்டு?

நேசமலர்: இந்தக் காலத்துப் பெடியள் ஆர் சீனி போடுறாங்கள்? ரோல்ஸ் எடும். கண்டு எவ்வளவு நாள், என்ன?

ஜசிந்தன்: ஓம் அன்ரி... சித்திரை வருசத்துக்குக் கோயில்ல கண்டது.

நேசமலர்: அம்மா சுகமே?

யோகராசா: நான் அதைத்தான் கேக்க இருந்தனான். தம்பி, குறை நினைக்கப்படாது. பிணை நிக்கிறதெண்டா ஆளைப் பற்றித் தெரியோணும். சீனி வருத்தம்?

ஜசிந்தன்: இல்லை.

யோகராசா: பிரஷர்?

ஜசிந்தன்: லேசா.

யோகராசா: பிடிவாதம்?

ஜசிந்தன்: அது... கொஞ்சம் கூட.

யோகராசா: அதுக்கு இஞ்ச மருந்து இல்லை. சரி, வந்து இறங்கின உடன பென்ஷன் கேட்டு நிக்க மாட்டாவே?

ஜசிந்தன்: அம்மா கடையில மிச்சக் காசை எண்ணிப் பாத்து, கூடத் தந்தா திருப்பிக் குடுக்கிறவ அங்கிள்.

யோகராசா: இஞ்ச வந்தா எல்லாரும் மாறிடுவினம். ஒரு கடிதம் எழுதித் தருவாவே, பென்ஷன் கேக்க மாட்டன் எண்டு? கிராமசேவகர் சீல் குத்தி...

நேசமலர்: என்ன விசர்க் கதை? கையெழுத்து வைக்கிறதெண்டா வையுங்கோ, இல்லாட்டி ஏலாதெண்டு சொல்லுங்கோ. பாவம், தேவராஜா வீட்டையும் போய்ட்டுத்தான் வந்திருக்கிறார்.

யோகராசா: தேவராஜாவை முதல்ல கேட்டனீரோ?

ஜசிந்தன்: அது... அவையின்ர வீடுதான் எங்களுக்குக் கிட்ட.

யோகராசா: என்ன சொன்னவன்?

ஜசிந்தன்: ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு கிழமைக்கு முந்திப் போனனாங்கள், கேட்ட உடன குளிக்கப் போயிட்டார். ஒண்டரை மணித்தியாலம் நானும் சஜிதாவும் பிள்ளையும் கதிரையில இருந்தனாங்கள். தண்ணிச் சத்தம் நிக்கவே இல்லை. கடைசியில அவற்ர மனுசி வந்து, இண்டைக்குத் தலையும் முழுகிறார் எண்டு சொன்னா.

யோகராசா: பாத்தியே நேசமலர்? இதுதான் எங்கட சனம். நான் அப்பிடி ஓடி ஒளியிற ஆளில்லை. முகத்துக்கு நேர சொல்லுவன்.

ஜசிந்தன்: அப்ப... வைப்பியளோ அங்கிள்?

யோகராசா: வைப்பன். ஏன் வைக்க மாட்டன்? ஆனா ஒரு சிக்கல். நான் பழைய மாணவர் சங்கத் தலைவர். தலைவர் ஒரு தனி ஆளுக்குக் கையெழுத்து வைச்சா யாப்புக்கு விரோதம்.

நேசமலர்: எந்த யாப்பு? இராப்போசனத்துக்கு ஆட்டிறைச்சியோ கோழியோ எண்டு முடிவெடுக்கிற சங்கத்துக்கு யாப்போ?

யோகராசா: நீ சும்மா இரு. அதோட தம்பி, எனக்கு ஏழரைச் சனி. மாசி வரைக்கும் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கப்படாது எண்டு சாத்திரி சொன்னவர்.

ஜசிந்தன்: போன கிழமை புதுக் கார் எடுத்தனீங்களாமே அங்கிள்?

யோகராசா: அது... மின்னஞ்சல்ல வைச்ச கையெழுத்து. சனி அதைப் பாக்கிறேல்லை.

ஜசிந்தன்: இதையும் கொம்பியூட்டர்லயே போடலாம் அங்கிள். கூட ஒரு பேப்பர் மட்டும் காணும். போன வருசத்து வரிப் பேப்பர்.

யோகராசா: ...என்னது?

ஜசிந்தன்: வரித் திணைக்களம் அனுப்புமெல்லோ, இந்த வருசம் உம்மட வருமானம் இவ்வளவு எண்டு...

யோகராசா: தம்பி, நீர் என்னைச் சட்டையைக் கழட்டச் சொல்லும், இதில நிண்டு கழட்டுறன். அதைக் கேக்காதையும்.

நேசமலர்: ஏன், அதில என்ன கிடக்கு?

யோகராசா: ஒண்டுமில்லை. பாஸ்கரிட்டக் கிடக்கு. எங்கட கணக்குப் பாக்கிற எக்கவுண்டன். அவன் ஃபீஜிக்குப் போயிட்டான். வர ரெண்டு கிழமையாகும்.

நேசமலர்: முந்தநாள் மீன் கடையில கண்டனான்.

யோகராசா: ஃபீஜிக்கு மீன் வாங்க வந்திருப்பான்.

நேசமலர்: கடலுக்கு நடுவில கிடக்கிற ஊருக்கு, இஞ்ச வந்து மீன் வாங்குறானோ?

ஜசிந்தன்: அங்கிள், விருப்பமில்லையெண்டா விடுங்கோ. நான் கோவிக்க மாட்டன். என்ர கஷ்டத்துக்குத்தான்...

யோகராசா: விருப்பமில்லாமலோ? ரெண்டு வீடு கிடக்கு தம்பி எனக்கு. ஒண்டு இது. மற்றது வாடகைக்கு. ஊர் முழுக்கத் தெரியும்.

ஜசிந்தன்: தெரிஞ்சபடியாத்தான் வந்தனான்.

யோகராசா: அதுதான் பிழை. வீடு தெரியும், பேப்பர் தெரியாது. பேப்பரில நான்... எப்பிடிச் சொல்லுறது... பேப்பரில நான் பிச்சைக்காரன் தம்பி.

ஜசிந்தன்: அங்கிள்!

யோகராசா: மெல்லக் கதையும், யன்னல் திறந்து கிடக்கு. வரி குறையட்டும் எண்டு பாஸ்கர் வருசா வருசம் நட்டம் காட்டினவன். வாடகை வீட்டில நட்டம், பிஸ்னஸில நட்டம். கொஞ்சம் கொஞ்சமா, அவன் காட்டினதெல்லாம் உண்மையாவே நடந்திட்டுது. பிஸ்னஸைப் பூட்டி நாலு வருசம். ஆருக்கும் சொல்லேல்லை.

ஜசிந்தன்: அப்ப காலமை டையோட வெளிக்கிட்டுப் போறது?

யோகராசா: லைப்ரரிக்கு. அங்க பேப்பர் வாசிச்சுப்போட்டு மத்தியானம் வருவன்.

ஜசிந்தன்: ...நான் ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன் அங்கிள்.

யோகராசா: சொல்லாதையும். அப்ப பாத்தீரே? என்ர பேப்பரைக் கொண்டு போனா, உம்மட அம்மாவை விட்டுப்போட்டு எனக்குப் பிணை நிக்க ஆள் தேடுவாங்கள்.

நேசமலர்: நான் வைக்கிறன்.

யோகராசா: என்னத்தை?

நேசமலர்: கையெழுத்தை.

யோகராசா: நீ எப்பிடி...? தம்பி, இவவுக்கு வருமானம் ஒண்டும் இல்லை. இவ விடிய நாலரைக்குத் தியானத்துக்குப் போறவ. அதோட வந்து படுத்திடுவா.

ஜசிந்தன்: ஓம், சனமும் சொல்லுறது, அன்ரிக்கு நல்ல பக்தி எண்டு. அங்கிள், அந்தக் கொடியில காயுற நீலச் சட்டை...

யோகராசா: எது? அது... தியான உடுப்பு.

ஜசிந்தன்: பேர்ப் பட்டி குத்தியிருக்கு.

யோகராசா: கன பேர் வாறவை. ஆளை ஆள் தெரியோணுமெல்லோ.

ஜசிந்தன்: கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற இடத்தில பேர்ப் பட்டியை ஆர் அங்கிள் பாக்கிறது?

நேசமலர்: காணுமப்பா. எவ்வளவு நேரத்துக்குத் தியானம் இருக்கிறது? தம்பி, நான் ஆஸ்பத்திரிக் குசினியில வேலை. பதினெட்டு வருசம். ஒரு சதம் ஒளிக்காமல் வரி கட்டினனான். பேப்பர் எல்லாம் அலுமாரியில அடுக்கி வைச்சிருக்கிறன்.

யோகராசா: ஏன் நேசமலர், பிறத்தியாருக்கு முன்னால...

நேசமலர்: பிறத்தியாரோ? ஒரு மனுசி அங்க தனிய இருந்து எட்டு வருசமா நாளை எண்ணுது. பேரப்பிள்ளையை போனுக்குள்ளதான் தூக்குது. உங்கட தியானத்தைக் காப்பாத்த அது அங்கயே கிடக்கோணுமோ?

யோகராசா: நான் அப்பிடிச் சொன்னனானே?

நேசமலர்: அப்ப சொல்லுங்கோ. வைக்கட்டோ, விடட்டோ? நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் வைக்க மாட்டன்.

ஜசிந்தன்: அங்கிள்... உங்கட முடிவுதான்.

யோகராசா: ம்... பத்து வருசம்.

நேசமலர்: நாங்கள் ரெண்டு பேரும் முப்பத்தி மூண்டு வருசம் இருந்திட்டம். பத்து என்ன?

யோகராசா: சரி. தம்பி, யோகராசா குடும்பம் பிணை நிக்குது எண்டு வைச்சுக்கொள்ளும். குடும்பம், விளங்குதே? ஆரும் கேட்டா நான் வைச்சதெண்டு சொல்லும்.

ஜசிந்தன்: கட்டாயம் அங்கிள்.

யோகராசா: அந்த ஃபோமில... என்ர கையெழுத்தும் எங்கயாவது ஒரு மூலையில வைக்கலாமே?

ஜசிந்தன்: அதுக்கு இடம் இல்லை அங்கிள்.

நேசமலர்: பின்பக்கத்தில ஒரு கோடு கீறி, சாட்சி எண்டு போட்டுக் குடுமன்.

ஜசிந்தன்: சாட்சி... ஓம், போடலாம். வடிவா ஒரு கோடு கீறுறன்.

யோகராசா: அப்ப பொறும், நல்ல பேனை எடுத்துக்கொண்டு வாறன். சங்கத்தில தந்த தங்க மூடிப் பேனை. எங்கயோ பத்திரமா வைச்சனான்.

நேசமலர்: போயிட்டார். பத்திரமா வைச்சதெண்டா பத்து நிமிசம் எடுக்கும். இன்னொரு ரோல்ஸ் எடும்.

ஜசிந்தன்: அன்ரி, எனக்கு வேர்த்துப் போச்சு. போன கிழமை தட்டுக் கழுவேக்கயே நீங்கள் சொன்னனீங்கள், நான் வைக்கிறன் எண்டு. அப்பவே வைச்சிருந்தா இவ்வளவு கூத்தும் தேவையில்லையெல்லோ?

நேசமலர்: அவரைக் கேக்காமல் வைச்சா, உம்மட அம்மாவுக்குப் பத்து வருசம் பிணை நிக்கலாம், இவரோட பத்து நிமிசம் இருக்கேலாது. வந்து கேக்கோணும். அவர் ஏலாமல் போகோணும். பிறகு அவரே பெரிய மனசு பண்ணி விடோணும். அப்பிடி எண்டாத்தான் இந்த வீட்டில ஒரு காரியம் நடக்கும்.

ஜசிந்தன்: "கண்டு எவ்வளவு நாள்" எண்டு கேட்டியளே, எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. நேற்று ஒண்டாத்தானே ட்ரொலி தள்ளினனாங்கள்.

நேசமலர்: சிரிச்சிருந்தீரோ, முடிஞ்சுது. அவருக்கு நீர் மனேஜர். நீர் குசினியில நிக்கிறதெண்டு தெரிஞ்சா, சங்கத்தில உம்மை முன் வரிசையில இருத்தினதுக்கே ஒரு கிழமை படுக்க மாட்டார்.

ஜசிந்தன்: சஜிதாவின்ர வீட்டுக்காரரும் என்னை மனேஜரெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். சம்பந்தம் பேசேக்கயே சொன்ன பொய். இனி எப்பிடி மாத்துறது?

நேசமலர்: மாத்த வேண்டாம். அம்மா வரட்டும் முதல். அவவைச் சமாளிக்கிறது வேற பாடு... இஞ்ச வாறார், வாயைத் துடையும்.

யோகராசா: கிடைச்சிட்டுது! கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில கிடந்தது. எங்க, ஃபோமைத் தாரும்.

ஜசிந்தன்: இந்தாங்கோ... கடைசிப் பக்கம் அங்கிள். அன்ரி இதில வைச்சாக் காணும்.

யோகராசா: முழுக்க வாசிக்காமல் இந்த வீட்டில ஒருத்தரும் கையெழுத்து வைக்கிறேல்லை. முதல் பக்கத்தைத் திருப்பும்.

ஜசிந்தன்: அதில ஒண்டும் இல்லை அங்கிள். பேர், விலாசம், பிறந்த திகதி...

யோகராசா: பேர், ஜசிந்தன். விலாசம், சரி. இது என்ன பெட்டி? தொழில்...

ஜசிந்தன்: அங்கிள், அதை விடுங்கோ...

நேசமலர்: தாங்கோ இஞ்சால, நான் வைச்சுப்போட்டுத் தாறன். தேத்தண்ணி ஆறுது.

யோகராசா: பொறப்பா. தொழில் எண்டு போட்டு, என்னவோ எழுதிக் கிடக்கு...

ஜசிந்தன்: அங்கிள், நான் சொல்லுறன். முதல்லயே சொல்லியிருக்கோணும்... நான் வந்து... அந்த மனேஜர்...

யோகராசா: இந்தா நேசமலர், பேனை. நீ வை. தம்பி, ஏன் பதறுறீர்? இவவை விடிய ஆஸ்பத்திரிப் பின்வாசலில இறக்கிறது ஆர், நான்தானே. மூண்டு வருசமாக் காரைத் திருப்பேக்க பாக்கிறனான், நீர் லொறியில இருந்து பால் பெட்டி இறக்கிக்கொண்டு நிப்பீர். ஒரு நாளாவது ஹோர்ன் அடிச்சனானே? மனேஜர் வேலையில நிக்கிறார், குழப்பக்கூடாதெண்டு லைட்டையும் அணைச்சுப்போட்டு மெல்ல வந்திடுவன்.