எதிர்க்கும் முன் ஒரு 'ரைட்டு'

மேடையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே! எதிரே கூடியிருக்கும் தெருவாசிகளே! எல்லோருக்கும் என் வணக்கம். சுவரோரம் நிற்பவர்கள் வந்து உட்காருங்கள். முன்வரிசை காலியாக இருக்கிறது. அதை யாருக்கும் ஒதுக்கி வைக்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் நம் தெருக்கூட்டத்தை நடத்திய தலைவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நம் 'ரைட்டு' ஐயா போய்விட்டார். நான் அழ வரவில்லை. எண்பத்தோரு வயது வரை ஒருவர் தனக்குப் பிடித்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார். அதற்கு எதற்கு அழுகை?

அவர் கூட்டத்தில் ஒரே சட்டம்தான். யாரையும் எதிர்த்துப் பேசலாம். ஆனால் எதிராளி சொன்னதை முதலில் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். 'ஆமாம், அதேதான்' என்று எதிராளி தலையாட்ட வேண்டும். தலைவர் 'ரைட்டு' என்பார். பிறகுதான் உங்கள் வண்டி நகரும். டாக்டருக்கும் அதே சட்டம்! தெருக் கூட்டுபவருக்கும் அதே சட்டம்!

அந்தச் சட்டம் என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா?

பூங்காவை மதியத்தில் பூட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வீட்டுவேலை செய்யும் பெண்கள் அங்கே கூடிச் சத்தம் போடுகிறார்கள் என்பது என் வாதம். இஸ்திரிக்கார அம்மா எழுந்து மறுத்தார். பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். தலைவர் கை காட்டினார்.

"கான்வென்ட் அம்மா, முதல்ல அவங்க என்ன சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"உட்கார இடம் வேணுமாம்."

"அது இல்லம்மா," என்றார் இஸ்திரிக்கார அம்மா.

"மதிய உணவு அருந்த நிழல் வேண்டும் என்கிறாள்."

"அதுவும் இல்லம்மா. வேணா இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்களேன்!"

கூட்டம் சிரித்தது. கன்னியாஸ்திரீகளிடம் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கியவள் நான்! வேறு வழியில்லாமல் அவர் பக்கம் திரும்பி, "இன்னொரு தரம் சொல்லுங்க," என்றேன். அவரை 'நீங்க' என்று நான் அழைத்தது அதுதான் முதல் முறை.

"நாள் பூரா யார் வீட்டு வாசல்லயாவது நிக்கறோம்மா. 'எந்திரி, தள்ளி நில்லு'ன்னு யாரும் சொல்லாத இடம் அது ஒண்ணுதான்."

அதை அப்படியே சொன்னேன். தலையாட்டினார்.

"ரைட்டு! இப்ப நீங்க எதிர்த்துப் பேசலாம்மா," என்றார் தலைவர்.

பேசினேன். பாதியிலேயே விட்டுவிட நான் என்ன சின்னப் பிள்ளையா? ஆனால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பதினொரு கை வித்தியாசத்தில் தோற்றேன். இன்று மதியமும் பூங்காவில் ஒரே சத்தம். என் ஜன்னல் திறந்தேதான் இருந்தது.

என் கணவர் இருந்தவரை எனக்கும் சேர்த்து அவரே பேசினார். நன்றாகவே பேசினார். ஆனால் நான் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லி, "சரிதானேம்மா?" என்று கேட்டது இந்தக் கூட்டத்தில்தான். அந்த மரியாதைக்கு எந்தப் பட்டம் ஈடாகும்?

உறுப்பினர் அவர்களே, இனி தெருக்கூட்டம் வேண்டாம், படித்தவர்கள் ஐந்து பேர் கொண்ட குழு போதும், அதற்கு நான் தலைவி என்று நேற்று என் வீட்டுக்கே வந்து சொன்னீர்கள். என் சம்மதத்தை இங்கே அறிவிக்கவும் சொன்னீர்கள். முதலில் உங்கள் வாதத்தைச் சொல்கிறேன். ஐம்பது பேர் பேசினால் வேலை இழுபடும். விஷயம் தெரிந்தவர்கள் முடிவெடுத்தால் தெருவிளக்கு சீக்கிரம் எரியும். அதில் எல்லோருக்கும் நன்மை. சரியாகச் சொன்னேனா?

தலையாட்டுகிறீர்கள். நன்றி.

'ரைட்டு' ஐயா, நீங்கள் போனாலும் உங்கள் கூட்டம் வழக்கமான ஞாயிறு, வழக்கமான பள்ளி அறையில் நடக்கும். என் கால் நடக்கும்வரை கதவை நானே வந்து திறப்பேன்.

இப்போது யாராவது 'ரைட்டு' சொல்ல வேண்டும்.

நன்றி, இஸ்திரிக்கார அம்மா. உறுப்பினர் அவர்களே, இனி நான் எதிர்த்துப் பேசுகிறேன்.