ஊசியின் தட்டையான பக்கம்

பழைய தையல் மெஷின் வாங்கப் போனால் முதலில் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சுலபமாகத் தூக்கிவிட முடிந்தால் வாங்கக் கூடாது. கனமாக இருந்தால்தான் உள்ளே எல்லாம் இரும்பு. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவளுக்கு அதுதான் வேண்டும். மேலே துண்டுத்துணி, கீழே விரிப்பு, நடுவில் பஞ்சு, மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது பிளாஸ்டிக் சக்கரம் பல்லை இளித்துவிடும்.

நீ வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஏன் பெரியம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாய். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெஷினிலிருந்து ஆரம்பித்தால்தான் என் பக்கத்து நியாயம் உனக்கு விளங்கும். அந்தப் போர்வையை மேஜை மேல் வை. மடியில் வைத்துக் கசக்காதே.

நானும் உன் அம்மாவும் ஒன்றாகத்தான் இந்தத் தையலைக் கற்றுக்கொண்டோம். நான் ஒழுங்காகக் கற்றேன். அவள் சிரித்துக்கொண்டே கற்றாள். வகுப்பில் எல்லோரும் அவள் பக்கத்தில்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் துணி விரிக்க இடம் தாராளமாகக் கிடைக்கும்.

நல்ல மெஷின் ஒன்றுக்காக நான் ஒரு வருஷம் அலைந்தேன். ஒன்றைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. இன்னொன்றில் ஊசிக்கும் உடம்புக்கும் நடுவே என் கை நுழைகிற இடம்தான். சுருட்டின போர்வை எங்கே போகும்? ஒரு வீட்டில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. அந்த அம்மாள் மெஷினின் கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லி அழுதுவிட்டு, கடைசியில் விற்க மனசில்லை என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஒருநாள், வீட்டைக் காலி செய்கிறவர்கள் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். உன் அம்மா சும்மா துணைக்கு வந்தவள். நான் டார்ச்சோடு ஒரு மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"அக்கா, இதுல தங்கக் கலர்ல பூப்போட்டிருக்கு. எவ்ளோ அழகா இருக்கு. நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோயேன்," என்றேன், தலையைக்கூட வெளியே நீட்டாமல்.

இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க அதைக் காரில் ஏற்றும்போதுதான் பார்த்தேன். முழு இரும்பு. ஊசிக்கு வலப்பக்கம் ஒரு தலையணையே நுழைகிற இடம். துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, நம் இஷ்டத்துக்கு வளைத்து வளைத்துத் தைக்க ஒரு பிடி. நான் ஒரு வருஷமாகத் தேடியது அத்தனையும் அதில் இருந்தது. அவள் அதைப் பூவுக்காக வாங்கினாள்.

நான் பொறாமைப்படவில்லை. அந்தக் குணமே எனக்குக் கிடையாது. உன் அம்மாவுக்குத் தலைமுடி முட்டிவரை தொங்கிய காலத்தில்கூட நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மெஷின் வீடு மாறிப் போய்விட்டது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மெஷின் ஊசிக்கு மேல்முனையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதைச் சரியான பக்கம் பார்த்து மாட்ட வேண்டும். சற்றே திருப்பி மாட்டினால் மெஷின் ஓடும், சத்தமும் நன்றாகவே இருக்கும், ஆனால் தையல் விட்டு விட்டு விழும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதன்கிழமைதோறும் நான் அங்கே போவேன். உன் அம்மா எனக்குத் தேநீர் போட உள்ளே போவாள். ஒரு திருகைத் தளர்த்தி முடுக்க, தண்ணீர் கொதிக்கிற நேரம் போதும்.

அவள் நூலை மாற்றினாள். துணியை மாற்றினாள். நாற்காலியைக்கூட மாற்றினாள். ரிப்பேர்காரர் வருகிற அன்றைக்கு நான் முன்னாலேயே போய் ஊசியை நேராக்கிவிட்டேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் தங்கமா ஓடுதும்மா. ஓட்டுற கைய வேணா பாருங்க," என்றார். அது என் வாயிலிருந்து வந்த வார்த்தை இல்லை. அதை நீ கவனிக்க வேண்டும்.

அன்றைக்கு உன் அம்மா இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, எனக்குக் கை நடுங்குதா?"

"லேசா," என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

கண் டாக்டரிடம் போனோம், கண்ணாடி கொடுத்தார். நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் கை முழுக்கக் குத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடவில்லை, ஓய்வெடுங்கள் என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். எல்லா இடத்துக்கும் நான்தான் கூடப் போனேன். அவள் பையை நான்தான் தூக்கினேன். அவள் கார் ஓட்டுவதை விட்டாள். உன் அப்பா காய் நறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டும் செங்கல் மாதிரி. அதற்கெல்லாம் நான் பொறுப்பாக முடியாது.

ஒரு புதன்கிழமை அவளே சொன்னாள். "என் கைல இது வீணாப் போகுதுக்கா. நீ எடுத்துட்டுப் போ. பிறக்கப்போற பிள்ளைக்கு நான் ஆரம்பிச்ச அந்தப் போர்வைய மட்டும் எப்படியாவது முடிச்சுக் கொடுத்துடு."

இரண்டு முறை மறுத்தேன். அதற்கு மேல் மறுத்தால் மரியாதையாக இருக்காது.

போர்வையை முடித்தேன். நீயே போனில் எவ்வளவு புகழ்ந்தாய். உன் பிள்ளை இத்தனை நாள் இதில்தான் தூங்கினான். இன்றைக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாய். கொண்டுவந்தது உன் இஷ்டம். ஆனால் மடித்த விதம் சரியில்லை, தையல் மேலேயே மடிப்பு விழுந்திருக்கிறது.

"மெஷின்தான் கைக்கு வந்துடுச்சே பெரியம்மா. அதுக்கப்புறமும் ஏன்?"

இதைக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா அவளுடைய ஏக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல், பொம்மை மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் மெஷின் வாங்கி வைத்தார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன கை அது. அவள் பாட்டுக்குத் தைத்துத் தைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டால் யார் பார்ப்பது? அதனால் அந்த ஊசியையும் சற்றுத் திருப்பினேன். அவள் உடம்பின் மேல் இருந்த அக்கறை, வேறொன்றுமில்லை.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. அந்த வாரம் பழைய ஊசி உடைந்து, அவளே புது ஊசி மாட்டியிருக்கிறாள். தையல் முத்து முத்தாக விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் நான் போனேன், மறுபடி கோணல். உன் அப்பா பேசாத மனுஷன். அவர் சோபாவில் உட்கார்ந்தால் சோபாவோடு சோபாவாகிவிடுவார். அதற்கடுத்த வாரம் ஊசித் திருகில் கை வைத்தபோது அவர் அங்கே இருப்பதை நான் கவனிக்கவே இல்லை.

"என்னக்கா பண்றீங்க?"

"சரி பண்றேன்."

"போன வாரமும் சரி பண்ணீங்க," என்றார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி உன் அம்மாவைக் கூப்பிட்டார்.

அவள் தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். அவர் சொல்லச் சொல்ல, தட்டு கொஞ்சம்கூட ஆடவில்லை. அதைக் கீழே வைத்தாள். ஊசியைக் கழற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நேராக மாட்டினாள். கையில் கிடைத்த துணியில் ஒரு கோடு தைத்தாள். அளவுகோல் வைத்த மாதிரி விழுந்தது.

"அப்போ என் கைக்கு ஒண்ணுமில்லையா?"

அவள் அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிக்கவும் செய்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

"அக்கா, நீ கிளம்பு," என்றாள். அவ்வளவுதான்.

ஆமாம், நான்தான் செய்தேன். மெஷினை ஆள் வைத்து, எண்ணெய் போட்டு, திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது அவள் மறுபடி கார் ஓட்டுகிறாளாம். வகுப்புக்கும் போகிறாளாம். நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம்தான் இருக்கும்.

உன்னிடம் மறைப்பானேன், அந்த மாதங்கள் எனக்கு நன்றாக இருந்தன. ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். காலையில் போன் செய்து, "அக்கா, இந்தச் சிவப்புக்கு இந்த மஞ்சள் சேருமா?" என்பாள். மத்தியானம் மறுபடி அதையே கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இப்போது போன் வருவதில்லை. கோபம், போகட்டும். அவளுக்கும் வயசு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் அவள் கை உண்மையாகவே நடுங்கும். அன்றைக்கு அவளுக்கு நான் வேண்டும். அதுவரை நான் என் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; நடக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அந்த ரப்பர் பந்து மாதிரியே ஒன்று வாங்கி அமுக்குகிறேன். கூடப் பிறந்தவள் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறவளை, உங்கள் வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை.