வீட்டு வண்டி இன்ஜின் காணாமல் போன விவரம்

பெயர் புகாரில் கண்டபடி. கூப்பிடும் பெயர் ராக்கெட். வயது நாற்பத்தாறு. தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு மேல்மாடியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். இன்று காலை வரை அப்படித்தான்.

என்னிடம் இரண்டே கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஓடாது. அதன் இன்ஜினில் விரிசல் விட்டு, அதே மாதிரி இன்ஜின் எங்கும் கிடைக்காததால், வேறு இன்ஜின் வைப்பது என்று முடிவு செய்தேன். அதன் பிறகு எதை வைப்பது என்பதில் தகராறு வந்தது. மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எட்டு சிலிண்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்குச் சொந்தமாக சைக்கிள்கூடக் கிடையாது என்பதையும் பதிவு செய்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக் அளந்து பார்த்துவிட்டு, அதை வைத்தால் பானெட்டை வெட்ட வேண்டும், முன்பக்கம் கனத்து வண்டி திரும்பாது, கியர்பாக்ஸும் தாங்காது என்றார். அதன் பிறகு நான் டர்போ வைத்த சின்ன இன்ஜினைச் சொன்னேன். அதன் ஒயரிங்கைப் பிரித்துச் சேர்ப்பதற்குள் தனக்குத் தலை நரைத்துவிடும் என்றார். அவருக்கு முழு வழுக்கை.

அதன் பிறகு அவர், அதே கம்பெனி வீட்டு வண்டி இன்ஜின் கச்சிதமாகப் பொருந்தும், பழைய கியர்பாக்ஸிலேயே உட்காரும் என்றார். குடும்பத்தோடு போய்வரும் சாதாரணக் கார்களை வீட்டு வண்டி என்று இளக்காரமாகச் சொல்வது என் வழக்கம். பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்றை வாங்கி வைக்கப் போகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். என் மனைவியின் காரும் அதே கம்பெனிதான், பிரேக் பார்க்க அதே பட்டறையில்தான் நின்றது. அது என் மண்டையில் உறைக்கவில்லை. மெக்கானிக் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்ல சொல்லிட்டீங்களா சார்?"

செலவைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, எல்லாம் சொல்லியாச்சு, வைங்க என்றேன். சொல்லவில்லை. கல்யாணமான ஆண்கள் பட்டறையில் வழக்கமாகச் சொல்லும் பதில்தான் அது.

நேற்று வண்டி தயாரானது. சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று காலை என் மனைவி தன் காரை எடுக்கப் பட்டறைக்குப் போயிருக்கிறார். மெக்கானிக் கடைவீதிக்குப் போயிருந்தார். சாவியைத் திருப்பியும் சத்தமே வராததால் பானெட்டைத் திறந்து பார்த்ததில், உள்ளே தரை தெரிந்திருக்கிறது. என் மனைவி நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, இன்ஜின் திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். திருடன் கையை முறிக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு என் ஸ்போர்ட்ஸ் காரில் பறந்து வந்தேன். அதாவது, திருட்டுப் பொருளை நானே நிலைய வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அதன் பிறகு தாங்கள் மெக்கானிக்கை வரவழைத்து விசாரித்ததில், அவர் கூறியது: "வீட்டு வண்டி இன்ஜினை எடுத்து வைக்கச் சொன்னதே சார்தான். வீட்லயும் சொல்லியாச்சுன்னாரு."

பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரை ஒப்பிட்டதில் அது என் மனைவியின் இன்ஜின்தான். நாளைக்கே கழற்றி உன் காரில் மாட்டித் தருகிறேன், இந்த வண்டியை மட்டும் ஒன்றும் செய்துவிடாதே என்று தங்கள் முன்னிலையிலேயே அவரிடம் கெஞ்சினேன். அவர் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு சொன்னார்.

"என் இன்ஜின் எதுல இருக்கோ அதுதான் என் வண்டி. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

வண்டி கிளம்பி, தெருமுனையில் வேகம் குறையாமல் திரும்பியது. எட்டு சிலிண்டர் வைத்திருந்தால் அப்படித் திரும்பியிருக்காது.

இதை எழுதியவர் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)