மூணடி வளைவு

அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடும்மா. மத்ததெல்லாம் உன் இஷ்டம். பூமிக்கடியில போற ரயிலப் பத்தி முந்நூறு பக்கம் எழுதியிருக்க, ஒரு பக்கம் போனா புஸ்தகம் இளைச்சிடாது.

காரணமா? சொல்றேன். மொதல்ல டீயக் குடி. ஆறிப்போனா திரும்ப சுட வைக்க எனக்குப் பொறுமை கிடையாது.

நல்லாத்தான் எழுதியிருக்க. மூடிக் கிடக்குற பிளாட்பாரம், சுவத்துக்குப் பின்னால இரும்பு ஏணி, எல்லாம் சரி. ஆனா நாலாவது ஸ்டேஷனத் தாண்டினதும் ரயில் ஒரு வளைவுல கிறீச்சுன்னு கத்துதே, அதுக்கு ஜனங்க சொல்ற கதையெல்லாம் வரிசையா அடுக்கியிருக்க பாரு. படிச்சு சிரிச்சு இருமலே வந்துடுச்சு. எவனோ பணக்காரன் பாதாள அறை கட்டி வச்சிருந்தானாம், அத இடிக்காம நாங்க சுத்திக்கிட்டுப் போனோமாம். அந்தச் சுரங்கத்துல நாலு வருஷம் மண்ணத் தின்னவன் நான். ஒரு எலி வளையக்கூடப் பாக்கல. பாறையாம்! பாறை இருந்தா உடைச்சிருப்போம். வளைஞ்சு குடுக்குற ஆளுங்களா நாங்க?

நீயும் அதெல்லாம் நம்பலியா? தெரியும். அதான் அடுத்த பக்கத்துல பழைய விசாரணை ஃபைல தூசி தட்டிக் கொண்டாந்துட்டியே. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தோண்டிட்டு வந்தாங்க, நடுவுல சந்திக்கும்போது மூணடி விலகிப்போச்சு, ரெண்டையும் சேக்கத்தான் வளைச்சாங்க. சரி. அது உண்மை. கெட்டிக்காரிதான். அளவத் தப்பா எழுதினவர வேலைய விட்டு அனுப்பினாங்கன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் வழுக்கிட்ட. அந்தப் பக்கத்தத்தான் எடுக்கச் சொன்னேன்.

ஃபைல்ல முத்திரை இருக்கா? இருக்கட்டும். முத்திரை குத்துற ரப்பருக்கு என்ன தெரியும்?

அவரே ஒத்துக்கிட்டாரா? யாரு, உள்ள டிவிய அலறவிட்டுட்டு உக்காந்திருக்காரே, என் தங்கச்சி வீட்டுக்காரர், அவர்தான? ஒத்துப்பார். யார் கேட்டாலும் ஒத்துப்பார். போன வாரம் குழாய் ரிப்பேருக்கு வந்தவன்கிட்டகூட ஒத்துக்கிட்டார். அவன் குழாயப் பத்திதான் கேட்டான்.

வேலை போனப்புறம் என்ன பண்ணார்னு கேட்டியா? பஸ் ஓட்டினார். சரியா அந்த வளைவுக்கு மேல போற ரோட்டுல, இருபத்தாறு வருஷம். மேல ரோடு நூல் புடிச்ச மாதிரி நேரா போகும். இதுலயாவது கோணாம போங்கன்னு என் தங்கச்சி கிண்டல் பண்ணுவா. அவரும் சேந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

எப்படி அளப்போம்னு தெரியுமா உனக்கு? அதையும் அரைகுறையாத்தான் போட்டிருக்க. கிணறு மாதிரி ஒரு குழி. மேலேர்ந்து ரெண்டு கம்பி தொங்கும், நுனியில கனமான குண்டு. ஆட்டம் அடங்கறதுக்காக குண்ட எண்ணெய் வாளியில முக்கி வைப்போம். ரெண்டு கம்பியும் எந்தத் திசையக் காட்டுதோ அந்தத் திசையிலதான் சுரங்கம் போகணும். கம்பி அசையாம நிக்கறதுக்கு ஒரு மணி நேரமாகும், சமயத்துல ரெண்டு. ஒரு அரிசி அகலம் ஆடினாலும் போச்சு, அரை மைல் போறதுக்குள்ள அது மூணடி ஆயிடும். ஒருத்தர் அளக்குற கருவியோட கண்ணாடி வழியா கம்பியப் பாத்து நம்பர் சொல்லணும். இன்னொருத்தர் நோட்டுல எழுதணும். கம்பி நின்னுச்சா இல்லியான்னு கண்ணாடியில பாக்குறவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

எழுதினது அவர். விசாரணையில நோட்டக் காட்டி யார் கையெழுத்துன்னாங்க. என்னுதுன்னார். நம்பர மாத்தி எழுதிட்டேன்போலன்னு அவரே முடிவும் பண்ணிட்டார்.

கண்ணாடியில பாத்தது யாருன்னா? ஃபைல்ல இருக்காது. யாரும் கேக்கல.

நான்தான். கம்பி ஆடிட்டுத்தான் இருந்துச்சு. லேசா. நான் நம்பரச் சொல்லிட்டேன்.

ஏன்னா கேக்குற? உடனே பேனாவத் தூக்கிடுவியே. வீட்ல யாரும் சாகக் கெடக்கல. மேலதிகாரி மிரட்டல. பசிம்மா. ஒரு மணி நேரமா குனிஞ்சு நின்னுட்டிருந்தேன், மேல சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க. அவ்வளவுதான். இதவிடப் பெரிய ரகசியம் வேணும்னா நீயே ஒண்ணு எழுதிக்கோ.

தங்கச்சிக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேந்துட்டா.

அவருக்கும் தெரியாது. பதினோரு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். ஆனா இப்ப நான் சொன்னத நீ எழுதி, உன் புஸ்தகத்துல படிச்சு அவர் தெரிஞ்சுக்கக் கூடாது பாரு. அதுக்குத்தான் புஸ்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உன்ன இன்னிக்கே வரச் சொன்னேன்.

எங்க எழுந்திரிக்கிற? உக்காரு. நீ போயிட்டா நான் வேற ஏதாவது பேசிடுவேன். இத்தன வருஷமும் அப்படித்தான் ஓடிப்போச்சு.

மாப்ள! அந்த டிவிய அணைச்சுட்டு கொஞ்சம் இங்க வாங்க.