பூட்டு நாளை ஆடமாட்டாள்

அரங்கின் நடுநாயகமாய் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! அல்லும் பகலும் கழகத்தைக் கட்டிக் காக்கும் செயலாளர் அவர்களே! வெயிலிலும் மழையிலும் விசிலும் கையுமாய் நிற்கும் பயிற்சியாளர் அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பெற்று வளர்த்ததோடு நில்லாமல் சேறு படிந்த காலுறைகளையும் துவைத்துப் போடும் தாய்மார்களே! நாளை மாலை இறுதிப் போட்டியில் இறங்கப்போகும் என் தங்கமான பெண் பிள்ளைகளே! உங்கள் அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

கைதட்ட வேண்டாம். தட்டத் தூக்கிய கைகளை மெல்ல இறக்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கித் தம்பி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். ஆமாம், அவ்வளவு போதும். ஏன் என்று கேட்கிறீர்களா? போகப் போகச் சொல்கிறேன்.

நான் யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை நரம்பு உளவியல் நிபுணர் என்று என் அறை வாசலில் பலகை தொங்குகிறது. அதை வாசித்து முடிப்பதற்குள்ளேயே பாதிப் பேருக்குத் தலைவலி வந்துவிடும். விளையாடும்போது தலையில் அடிபட்ட பிள்ளையின் மூளை ஆறிவிட்டதா, மறுபடி களத்தில் இறங்கலாமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

என்னை இங்கே அழைத்தது இரண்டு நிமிட வாழ்த்துரைக்கு. வாழ்த்திவிட்டு, ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, செயலாளரிடம் கொடுத்து, படத்துக்குச் சிரித்துவிட்டு இறங்க வேண்டும். அந்தக் கடிதம் இதோ என் கையில் இருக்கிறது. 'கோல்கீப்பர் விளையாட முழுத் தகுதி உள்ளவர்' என்று அவர்களே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எவ்வளவு வேலை மிச்சம் பாருங்கள்! கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோல்கீப்பரைத் தெரியாதவர் இந்த அரங்கில் உண்டா? பதினாலு வயது. பள்ளியில் ஒரு பெயர், உங்கள் வாயில் ஒரே பெயர்: பூட்டு! அவள் நின்றால் கோல் பூட்டிய வீடு. பத்து நாளைக்கு முன் அரையிறுதி, கடைசி ஐந்து நிமிடம். பந்து வலது மூலைக்குப் பறக்கிறது. பூட்டு பாய்கிறாள். பந்து விரல் நுனியில் பட்டு வெளியே போகிறது, அவள் தலை கோல் கம்பத்தில் மோதுகிறது. அந்தச் சத்தம் உங்களில் எத்தனை பேருக்குக் கேட்டது? கேட்டிருக்காது, நீங்கள் கத்திக்கொண்டிருந்தீர்கள். எழுந்தாள், மண்ணைத் தட்டினாள், மீதி ஐந்து நிமிடமும் நின்றாள். வென்றீர்கள். தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினீர்கள். தோளில் குலுங்கிய அந்தத் தலைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

நான்காம் நாள் என் அறைக்கு வந்தாள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஆட்டப் பருவமும் தொடங்குமுன் இந்தக் கழகத்துப் பிள்ளைகள் இருபது பேரையும் நான் சோதித்து வைப்பது வழக்கம். பத்து வார்த்தைகள் சொல்வேன், சற்று நேரம் கழித்து அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அடிபட்ட பிறகு அதே மாதிரி இன்னொரு சோதனை. முன்பு சொன்னதைவிடக் குறைவாகச் சொன்னால் மூளை இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். பருவத் தொடக்கத்தில் பூட்டு சொன்னது மூன்று வார்த்தை. அடிபட்டு நான்காம் நாள் சொன்னது நான்கு!

கம்பத்தில் மோதினால் ஞாபகசக்தி வளரும் என்றால், பரீட்சைக்கு முன் எல்லாப் பள்ளி வாசலிலும் ஒரு கம்பம் நட்டுவிடலாமே! சிரிக்கிறீர்கள். மெதுவாகச் சிரியுங்கள். நான் அன்று சிரிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. வெளியே ஆறு பிள்ளைகள் காத்திருந்தார்கள், எண் ஒழுங்காக இருந்தது, பேனாவைத் திறந்தேன். இதை மறைத்துப் பேச நான் வரவில்லை.

அப்போது அவள் அம்மா பேசினார். தையல் கடையில் வேலை பார்ப்பவர், அதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா? இவ பதினஞ்சு சாமான் சொல்லி விட்டாலும் சீட்டு இல்லாம வாங்கிட்டு வர்றவ. நேத்து உப்பு மட்டும்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். கடை வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கு போன் பண்றா, 'அம்மா, நான் எதுக்கு வந்தேன்'னு."

திறந்த பேனாவை மூடினேன். பழைய தாள்களையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். இருபது பிள்ளைகள். இருபது பேரும் மூன்றே வார்த்தை! பார்த்த படத்தின் வசனத்தை வரி விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு, இருபது பேருக்கும் ஒரே அளவில் மறதியா? தாளின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு வேறு: 'அறையில் மின்விசிறிச் சத்தம் அதிகம்.' பிள்ளைகள் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், நான் மின்விசிறியைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். ஆளைக் கூப்பிட்டு அதற்கு எண்ணெயும் போட்டேன். இத்தனை வருடம் படித்த படிப்பு அந்த எண்ணெயோடு போயிற்று.

பூட்டைப் பார்த்தேன். அவள் நகத்தைக் கடித்தாள். "திட்ட மாட்டீங்கள்ல? முதல் தடவை டெஸ்ட் வைக்கும்போது மூணுக்கு மேல சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பத்தான் பின்னாடி அடிபட்டாலும் மார்க் குறையாதாம், ஆட விட்டுருவீங்களாம்."

"யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

அதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. பூட்டு அல்லவா! ஆனால் சொல்லிக் கொடுத்தவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். தலையைக் குனியாதீர்கள் ஐயா, நிமிர்ந்தே கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பாசத்தில்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்தப் பாசம்தான் ஒரு பிள்ளையை ஆறாத தலையோடு மறுபடி கம்பத்துக்கு நடுவே நிறுத்தப் பார்த்தது.

என்ன தம்பி, என்ன சீட்டு? கொடுங்கள், வாசித்துவிடுகிறேன். 'நேரமாகிவிட்டது, கடிதத்தை மட்டும் கொடுக்கவும்.' நன்றி செயலாளர் அவர்களே. இரண்டு நிமிடம் என்றீர்கள், பத்து நிமிடம் ஆகிவிட்டது. ஒரு பிள்ளையின் மூளைக்கு இரண்டு நிமிடம் போதாது என்பதைத்தானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள்: "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க?" நல்ல கேள்வி! ஸ்கேன் எலும்பு முறிந்ததா, ரத்தம் கசிந்ததா என்று சொல்லும். மூளை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாது. கீழே விழுந்த ரேடியோவில் ஒரு கீறல்கூட இருக்காது, பாட்டு மட்டும் வராது. பூட்டின் ரேடியோவில் இப்போது பாட்டு விட்டுவிட்டு வருகிறது. ஆறட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். பெற்றவர்கள் இருக்கும் அரங்கில் அதை நான் விவரிக்க மாட்டேன்.

எனக்குத் தெரியாதா நாளை என்ன நாள் என்று? விளையாட்டுப் பள்ளிக்கு ஆள் எடுப்பவர்கள் நாளை வருகிறார்கள். தங்குமிடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தத் தாய் நேற்று என் மேசைமீது இரண்டு கையையும் வைத்து, "ஒரே ஒரு நாள் டாக்டரம்மா, அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி வீட்டிலேயே வச்சுக்கறேன்" என்று அழுதார். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்தப் பள்ளிக்கு எழுதியிருக்கிறேன், மூன்று மாதம் கழித்து வந்து அவளைப் பாருங்கள் என்று. பதில் வரவில்லை. வராமலும் போகலாம். அப்போதும் என் பதில் இதுதான்.

கோப்பை கேட்கிறீர்கள், கேளுங்கள்! கைதட்டல் கேட்கிறீர்கள், கேளுங்கள்! என் கையெழுத்தைக் கேட்காதீர்கள்! அடுத்த வருடம் இந்தக் கழகத்துக்கு வேறு மருத்துவர் வருவார் என்று காலையில் ஒருவர் போனில் சொன்னார். வரட்டும்! அவர் வரும்வரை இந்தப் பேனா என்னுடையது. செயலாளர் அவர்களே, எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். 'தகுதி உள்ளவர்' என்பதைக் கோடு போட்டு அடிக்கிறேன். 'நாளை ஆடக்கூடாது' என்று எழுதுகிறேன். கையெழுத்தும் போடுகிறேன், நீங்கள் விட்ட இடம் வீணாகக் கூடாதல்லவா! இதோ, பெற்றுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் தம்பி, இப்போது எடுங்கள், நான் சிரிக்கிறேன்.

மற்ற பத்தொன்பது பிள்ளைகளே, திங்கட்கிழமை காலை என் அறைக்கு வாருங்கள். சோதனையை முதலிலிருந்து வைக்கிறேன். மூளையில் இருக்கும் அத்தனை வார்த்தைகளையும் கொட்டிவிட்டுப் போங்கள். மின்விசிறியை நிறுத்தி வைக்கிறேன்.

இனி, கைதட்ட வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதைச் சொல்கிறேன். பூட்டு வீட்டில் இல்லை. இந்த மேடைக்குப் பின்னால், பந்தும் வலையும் வைக்கும் அறையில், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் அவள் கண்ணைக் குத்துகிறது, சத்தம் தலையைப் பிளக்கிறது. வராதே என்று நேற்றே சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. தன் அணியை வழியனுப்பும் கூட்டத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமாவது இருந்து கேட்க வேண்டும் என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது நேற்று: "உங்ககிட்ட உண்மையைச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும். சாகுற வரைக்கும் இதை மறக்க மாட்டேன்."

மறக்காதே, மகளே! இருபது வயதில் நினைத்து என்னைத் திட்டு. நாற்பதில் உன் பிள்ளைகளிடம் சொல்லித் திட்டு. எண்பது வயதிலும் என் முகம், என் பேனா, இந்த நாள், நீ தடுத்த அந்தப் பந்து, எல்லாம் உனக்கு ஒன்று விடாமல் நினைவிருக்கட்டும். நீ என்னை மறக்காமல் திட்ட வேண்டும் என்பதற்காகத்தான் கடிதத்தில் அந்த வரியை அடித்தேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், சீட்டு அனுப்பியும் ஒலிபெருக்கியை நிறுத்தாத செயலாளருக்கும் என் நன்றி. கையை மட்டும் உயர்த்துங்கள், ஓசை வேண்டாம். எல்லோரும்... பயிற்சியாளர் ஐயா, நீங்களுமா? நன்றி. இந்த அமைதி அந்தச் சுவருக்குப் பின்னால் போய்ச் சேரட்டும். வணக்கம்.