மரத்துக்கு மாட்டின பெல்ட்

— அண்ணே, மேல போயி போட்டோ எடுத்துட்டு வான்னுதானே சொன்னேன்? ஸ்பேனரை எடுத்துட்டுப் போகச் சொன்னது யாரு?

— இந்தா பாரு தங்கச்சி, கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு கட்டில்ல கிடக்கிறவ இப்படிக் கத்தாதே. பைப் வேலைக்காரன் பையில ஸ்பேனர் இருக்கத்தான் செய்யும். காட்டுல நீ மரத்துக்கு மரம் சுத்தி மாட்டியிருக்கிற தகரப் பெல்ட்டு அத்தனையும் போன வாரம் நான் போனப்ப தொளதொளன்னு தொங்குச்சு. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. முடுக்கிட்டேன்.

— அத்தனையுமா?

— அரைகுறையா விடுற பழக்கம் நமக்கு ஏது? பெல்ட்டுல இருக்கிற அளவு முள்ளையும் சைபருக்குக் கொண்டாந்து நிறுத்திட்டேன். அப்புறம்தான் போட்டோ. ஜோரா விழுந்திருக்கு, பாரேன்.

— ஐயோ அண்ணே! தொங்குறதைக் காட்டத்தான் போட்டோவே கேட்டேன்! மரம் பெருத்தா பெல்ட்டு இறுகும், இளைச்சா தொங்கும். இந்தக் கோடையில எவ்வளவு இளைச்சிருக்குன்னு நாளைக்குக் குடிநீர் வாரியக் கூட்டத்துல காட்டணும். இப்ப எதைக் காட்டுறது, உன் தலையையா?

— மரம் எங்கயாவது இளைக்குமா? கல்யாணப் பொண்ணா அது, சோத்தைக் குறைச்சுக்க?

— சிரிக்காதே, பத்திக்கிட்டு வருது. வாரியத் தலைவரும் இதே சிரிப்புத்தான் சிரிச்சாரு. ‘காடு பச்சைப்பசேல்னு இருக்கு, மழையும் குறையல, மரத்துக்கு என்ன கேடு? காட்டு ஊத்துல குழாயை இறக்கி ஊருக்குத் தண்ணி எடுத்துடலாம்’ங்கிறாரு. பச்சையா இருந்தா போதுமா? இது இலையை உதிர்த்துட்டுத் தூங்குற ஜாதி இல்லண்ணே. குளிர்காலத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா வளருற மரம். மழை நின்னா பனிமூட்டத்தைக் குடிச்சுத்தான் கோடையை ஓட்டும். இப்ப மூட்டம் இறங்குறதே இல்ல. ராத்திரியும் புழுங்குது. பகல்ல சம்பாதிச்சதை ராத்திரியே தின்னு தீர்த்தா உடம்புல என்ன ஒட்டும்? அடிமரத்துல தேக்கி வச்ச தண்ணியையே உறிஞ்சிக்கிட்டு நிக்குதுங்க. மிச்சம் இருக்கிறது அந்த ஊத்து ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமாம்! வயிறு எரியுது.

— இதையெல்லாம் முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?

— எதையும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடிஞ்சுதா உன்னால? கூலி வாங்காம வாரியத்துக்கு வேலை பாத்துக் குடுத்திருக்கே. அவங்க உனக்கு மாலையே போடுவாங்க, போ.

— போதும்மா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி பேசாதே. நானும் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நீ வாயைத் திறக்க விட்டாத்தானே?

— என்ன?

— ஜாயின்ட்டு போட்டா ஒரு வாரம் கழிச்சுப் போயி ஒழுகுதான்னு பாத்துட்டு வருவேன்ல, அந்த மாதிரி இன்னைக்குக் காலையில மறுபடியும் மேல போனேன்.

— கடவுளே! இன்னொரு முடுக்கு முடுக்கிட்டியா?

— இல்ல. கை வரல.

— ஏன்?

— நட்டு ஒண்ணுகூட அசையல. நான் முடுக்கின இடத்துலயே நிக்குது. ஆனா அத்தனை பெல்ட்டும் மறுபடியும் தொங்குது, தங்கச்சி.