ரெண்டாவது குழாய்

— இன்னொரு தடவை கேக்குறேன் சகாயம். போன மாசம் நான் சர்வீஸ் பண்ணிக் குடுத்ததுக்கு அப்புறம் வண்டி எங்கெல்லாம் போச்சு?

— எங்கயும் போகல வீரமலை அண்ணே. முதலாளி ஹபீபுல்லா பாய் மறுநாளே துபாய் கிளம்பிட்டாரு. தில்லை நகர் ஷெட்லயேதான் நின்னுச்சு. முந்தாநேத்து, பேட்டரி செத்துடக் கூடாதேன்னு, ஸ்ரீரங்கம் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். பாலத்து மேலயே இழுவை இல்ல.

— பாலம் என்ன மலையா? சரி, ஆக்ஸிலேட்டர மிதி. இன்னும் மிதி. கேக்குதா?

— ஒன்னும் கேக்கலியேண்ணே.

— அதான் கோளாறு. ஜப்பான்காரன் இதுல ரெண்டு டர்போ வெச்சிருக்கான். காத்த அழுத்தி என்ஜினுக்குள்ள தள்ளுற விசிறி, வேறொன்னுமில்ல. தள்ளினா விசிலடிக்கும். இங்க விசிலையும் காணோம், புகை வேற கறுப்பா வருது. காத்து பத்தல.

— நாலு மணிக்கு பாய் தஞ்சாவூர் போகணுங்கறாரு. நேத்துதான் வந்து இறங்கினாரு. என்னண்ணே பண்ணுவேன்?

— பறக்காத. சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்துட்டேன், ஒரு இணைப்புலயும் நுரை வரல. லீக் இல்ல. இறங்கி வந்து இந்தக் குழாய்ல கைய வெய்யி.

— சுடுதுண்ணே.

— அந்தப் பக்கத்துக் குழாய்ல?

— சில்லுன்னு இருக்கு.

— அழுத்தின காத்து சுடும். அப்ப ரெண்டாவது டர்போ படுத்துக்கிச்சு. என்ஜின அமத்து. முதல்ல நல்லதைக் கழட்டுறேன். நல்லது எப்படி இருக்குன்னு பாத்தாதான் கெட்டது தெரியும். இந்தா, அந்த மஞ்சத் துணிய எடு.

— எதுக்குண்ணே?

— தொறந்த குழாயோட வாய அடைக்கத்தான். ஒரு சின்ன நட்டு உள்ள விழுந்தா விசிறி தூளாயிடும். வீட்டுல வேலம்மா பழைய புடவைய இதுக்குன்னே கிழிச்சுக் குடுப்பா.

— அரக்குக் கரை. அக்கா தீபாவளிக்குக் கட்டியிருந்ததாச்சே இது.

— ம்ம். இந்த விசிறி நல்லாச் சுத்துது. ஆமா, முன்னாடி கிரில்லுல என்ன ஒட்டியிருக்கு?

— எங்கண்ணே?

— ஜிகினாத் தாள். ரோஜாப்பூ. ஸ்ரீரங்கத்துல காருக்கு யாரு மாலை போட்டா சகாயம்?

— காத்துல பறந்து வந்து ஒட்டியிருக்கும்ணே.

— வண்டி பொய் சொல்லாது. நீ சொல்லு.

— லூர்துராணிக்குக் கல்யாணம்ணே. என் தங்கச்சி. மேலப்புதூர் கோயில்ல பூசை முடிஞ்சு, பொண்ணு மாப்பிள்ளைய மணப்பாறைக்கு இதுலதான் கூட்டிட்டுப் போனேன். மாதா மேல சத்தியமா, ஒரே ஒரு நாள். வழியிலேயே இழுவை போச்சு. பின் சீட்ல அவ சிரிச்சுக்கிட்டு வரா, நான் முன்னாடி ஆக்ஸிலேட்டர மிதிச்சுக்கிட்டே இருக்கேன்.

— பாய்கிட்ட கேட்டியா?

— துபாய்க்கு எப்படிண்ணே கேக்குறது?

— பூதான் உள்ள போயிருக்கும். போய் அவருக்கு போன் பண்ணு. எதிர்த்த பெட்ரோல் பங்க்ல கேட்டா குடுப்பாங்க.

— கழட்டிப் பாத்துட்டு சொல்லிக்கலாமேண்ணே. வேற ஏதாச்சும் இருந்தா?

— வேற என்ன இருக்கும்? பூவ வெளிய எடுத்து வெச்ச பிறகு சொன்னா அதுக்குப் பேரு மாட்டிக்கிட்டது. இப்ப சொன்னாதான் உண்மை. நான் மறைச்சா நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்? கிளாம்ப லூஸ் பண்ணிட்டேன், குழாய இழுத்தா வந்துடும். நான் பாக்குறேன், நீ போ.

— இந்த வேலை போச்சுன்னா, கல்யாணத்துக்கு மறுவாரமே ஒக்காந்து தின்னுற அண்ணனாயிடுவேன். மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?

— பாய் நல்ல மனுஷன். போ.

— சரிண்ணே. போயிட்டு வரேன்.

\*

— என்ன சொன்னாரு?

— திட்டலண்ணே. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பொண்டாட்டிகிட்டகூட குடுக்காத சாவிய உன்கிட்ட குடுத்தேனேன்னாரு. சொல்லாம எடுத்ததுகூடப் போகட்டும், வண்டிய கெடுத்துட்டியேன்னாரு. சாவிய வீரமலைகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போ, இனிமே வராதன்னுட்டாரு.

— ம்ம்.

— இந்தாங்க சாவி. கைய நீட்டுங்கண்ணே. ஏன் பின்னாடி வெச்சிருக்கீங்க?

— கிரீஸா இருக்கு.

— ரெண்டாவதக் கழட்டிட்டீங்களா? பூதானே?

— பூ இல்ல.

— பின்ன என்ன? காட்டுங்கண்ணே. ... இது மஞ்சத் துணி. இதோ, அரக்குக் கரையும் இருக்கு. விசிறில சுத்தி நார் நாராக் கிழிஞ்சிருக்கு. ஆனா நான் எடுத்துக் குடுத்தது முதல் குழாய்லயேதானே இருக்கு?

— அது அங்கதான் இருக்கு. இது போன மாசம் வெச்சது. ரெண்டு வாய்க்கு ரெண்டு துணி வெச்சேன். இருபது வருஷமா ஒத்த வாய் வண்டியே பாத்துப் பழகின கை. ஒன்னை எடுத்ததும் முடிஞ்சதுன்னு மூடிடுச்சு.

— அப்ப ஷெட்ல நின்னப்பவே உள்ள இருந்துச்சா?

— இருந்துச்சு. நல்லா மிதிச்சு ஓட்டுறப்பதான் விசிறி அத உள்ள இழுக்கும். நீ எடுக்கலன்னாலும் இன்னிக்கு பாய் ஓட்டுறப்ப இதேதான் ஆயிருக்கும்.

— நீங்கதானேண்ணே போன் பண்ணுன்னு சொன்னீங்க. நான் கழட்டிப் பாத்துட்டுன்னு கேட்டேனே.

— நீ ரோட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன் சகாயம். மதுரை பஸ் போகட்டும்னு ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தே. கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பே.